வீட்டைச் சுற்றிப் பழமரங்கள், பெர்ரிப் புதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு முன்னால் அழகுச் செடிதானே வைப்பார்கள்? பழமரம் வைத்தால் தோப்பு மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. பூச்செடி என்றால் வாசல், பழமரம் என்றால் கொல்லைப்புறம் என்று நாமே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். மாதுளை பூக்கிற காலத்தில் அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மெழுகில் வார்த்தது போலத் தடித்த செம்மஞ்சள் புல்லி, அதற்குள் கசங்கிய பட்டுத்துணி மாதிரி இதழ், அது உதிர்ந்த பிறகு மாதக்கணக்கில் கிளையில் தொங்கும் பழம். எந்த அழகுச் செடி இத்தனை நாள் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது? மாமரத்தின் செம்பு நிறக் கொழுந்து, எலுமிச்சைப் பூவின் வாசனை, இலை உதிரும் முன் சிவந்து போகும் புளூபெர்ரிப் புதர், எல்லாமே அழகுதான். பிரான்சில் வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் பதினான்காம் லூயிக்காக 1678 முதல் 1683 வரை அமைத்த காய்கனித் தோட்டம் இன்றும் இருக்கிறது. சுவரோடு படர்த்திய அதன் பேரி மரங்களைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய காரணம். தினமும் கண்ணில் படுகிற மரம்தான் நன்றாக வரும். உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பார்கள். வீட்டின் பின்மூலையில் நட்ட மரத்தில் மாவுப்பூச்சி ஏறினால் கிளை முழுக்க வெள்ளையான பிறகுதான் தெரியும், வாசல் பக்கத்தில் இருந்தால் முதல் நாளே தெரியும். அதனால் நீங்கள் அதிகம் விரும்பும் மரத்தை, தினமும் நடந்து போகும் வழியில் வையுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கன்று வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் வெயிலைப் பாருங்கள். பெரும்பாலான பழமரங்களுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், அது இல்லாவிட்டால் மரம் வளரும், இலை செழிக்கும், காய் மட்டும் வராது. ஒரு நாள் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலின் சாய்வு வருடத்துக்குள் மாறும் என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை பார்த்தால் இன்னும் நல்லது. மழை பெய்ததும் வெளியே போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் பாருங்கள். பப்பாளிக்கு ஓரிரு நாள் வேரில் தண்ணீர் நின்றாலே போதும், அழுகிச் சாய்ந்துவிடும்.

அப்புறம், நட நினைக்கும் மரம் வளர்ந்து முடிந்தால் எவ்வளவு அகலம் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்குக் கயிற்றால் தரையில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் கன்று முழங்கால் உயரம்தான், அதனால் எல்லாருக்குமே நெருக்கி நடத் தோன்றும். வட்டம் போட்டவர்கள் பெரும்பாலும் மூன்று மரம் நினைத்த இடத்தில் ஒன்றுதான் நடுவார்கள், அதுதான் சரி.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நடலாம்? வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடுமா?

நல்ல அஸ்திவாரத்தை வேர் துளைத்துக்கொண்டு போவது அரிது. உண்மையான ஆபத்து வேறு. களிமண் நிலத்தில் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கும், அதனால் கட்டடம் இறங்கலாம். இன்னொன்று, கசிகிற கழிவுநீர்க் குழாய். ஈரம் இருக்கும் இடத்தைத் தேடி வேர் போகும், ஒரு சின்ன விரிசல் கிடைத்தால் உள்ளே புகுந்து குழாயையே அடைத்துவிடும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் கிளை விரிவைத் தாண்டியும் ஓடும். ஆழமாகப் போகாது, அகலமாகப் போகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மாதுளை, எலுமிச்சை, பார்படாஸ் செர்ரி போன்ற சின்ன மரங்களைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நடலாம். கொய்யா, சீத்தாவுக்கு 3 மீட்டர். மா, பலா, நாவல் என்றால் 6 மீட்டருக்குக் குறைந்து யோசிக்காதீர்கள், கழிவுநீர்த் தொட்டி பக்கமே வேண்டாம். அத்தியின் வேர் மிகவும் தேடி அலையும் குணம் உடையது, அதைக் குழாய்கள் ஓடும் பக்கத்தில் வைப்பதை விடத் தொட்டியில் வைப்பது நிம்மதி. வேர் இடம் குறுகினால் அத்தி கோபித்துக்கொள்வதில்லை, நன்றாகவே காய்க்கும்.

என்னிடம் இருப்பது சின்ன இடம். பழமரம் என்ற பேச்சுக்கே இடமில்லையா?

இருக்கிறது. மரத்தின் உயரத்தை முடிவு செய்வது நீங்கள்தான், மரம் அல்ல. குட்டையாக வைத்திருக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, குட்டை வேர்ச்செடியில், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் குட்டை ரகச் செடியில், ஒட்டுக் கட்டிய கன்றை வாங்குவது. ஆப்பிளில் இது நெடுநாள் பழக்கம், இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் வழங்கும் எம்9 என்ற வேர்ச்செடியில் கட்டிய ஆப்பிள் மரம் ஏறக்குறைய 3 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் அதன் வேர்ப்பிடிப்பு பலவீனமானது, வாழ்நாள் முழுக்க ஒரு முட்டுக்கம்பு வேண்டும்.

இரண்டாவது, தொட்டி. 50, 60 லிட்டர் தொட்டியில் எலுமிச்சை, அத்தி, மாதுளை, பார்படாஸ் செர்ரி எல்லாம் வருடக்கணக்கில் இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செடியை வெளியே எடுத்து, சுற்றிச் சுருண்ட வேர்களை ஓரமாக வெட்டி, புது மண் போட்டு மறுபடி வைக்க வேண்டும், இதைச் செய்யாமல் உரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் செடி தேயும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: சின்ன வயதிலேயே வெட்டுவது. நட்ட கன்றை 45 முதல் 60 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் அந்த இடத்துக்குக் கீழிருந்து மூன்று நான்கு கிளைகள் வரும், அவற்றை அரை மீட்டர் வளரவிட்டு மறுபடி நுனி வெட்ட வேண்டும். முதல் வெட்டு மனதைப் பிசையும், தெரியும். ஆசையாக வாங்கிய கன்றைப் பாதியாக வெட்டுவது சுலபமில்லை. ஆனால் தாழ்வாகக் கிளை பிரிந்த மரத்தில்தான் பழத்தை நின்ற இடத்திலிருந்து பறிக்கலாம். கையை உயர்த்தினால் எட்டாத உயரத்தில் காய்க்கிற பழம் வௌவாலுக்குத்தான் போகும். ஒட்டுக்கன்று என்றால் மட்டும் ஒட்டு கட்டிய இடத்துக்கு மேலே நல்ல மொட்டுகள் இருக்கும்படி பார்த்து வெட்டுங்கள்.

சுவரோடு ஒட்டிப் படர்த்துவது எப்படி?

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடைமட்டமாகக் கம்பிகள் கட்டிக்கொள்ளுங்கள், ஒன்றுக்கொன்று 40 முதல் 45 செ.மீ. இடைவெளி. கன்றை முதல் கம்பியின் உயரத்தில் வெட்டினால் கீழே மொட்டுகள் விழிக்கும். அவற்றில் இரண்டை இடமும் வலமுமாகக் கம்பியில் கட்டி, ஒன்றை நேராக அடுத்த கம்பிக்கு விட்டு, அங்கே போனதும் மறுபடி இதே வேலை. தளிர் பச்சையாக வளையும்போதே கட்ட வேண்டும், கட்டை ஆன பிறகு வளைத்தால் முறியும். துணிக்கீற்றால் தளர்வாகக் கட்டுங்கள், கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

ஆப்பிள், பேரி இரண்டும் இதற்கென்றே பிறந்தவை. வெப்பமான இடங்களில் அத்தி, எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றை விசிறி வடிவில் படர்த்தலாம். ஆனால் மேற்கு வெயில் முழுக்கக் காயும் சுவரில் கோடையில் பழமும் இலையும் வெந்துபோகும், அந்தச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

விதை போட்டு வளர்க்கலாமா, ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டுமா?

பொறுமையும் இடமும் இருந்தால் விதை போடலாம், ஆனால் சாப்பிட்ட பழத்தின் ருசி அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆப்பிள் விதையிலிருந்து வரும் மரம் தாய் மரத்தைப் போல இருக்கவே இருக்காது. மாவில் சில ரகங்களின் கொட்டை ஒன்றில் பல முளைகள் வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும், மற்ற ரகங்களில் அப்படி இல்லை. காத்திருக்கும் காலமும் வேறு. ஒட்டு மாங்கன்று 3, 4 வருடத்தில் காய்க்கும், கொட்டையிலிருந்து வந்தது அதைப்போல இரண்டு மடங்கு காலம் எடுக்கும்.

விதையே சரியான வழியாக இருப்பது பப்பாளிக்கு. மல்பெரி, அத்தி, திராட்சை, டிராகன் பழம் நான்கும் குச்சி நட்டாலே துளிர்க்கும், தெரிந்தவர் வீட்டில் நல்ல செடி இருந்தால் ஒரு குச்சி கேட்டு வாங்குங்கள், போதும்.

ஒட்டுச்செடியில் அடியிலிருந்து வேறு மாதிரி இலை வருகிறதே, அது என்ன?

அது வேர்ச்செடி. இன்றைக்கே நீக்குங்கள். என் வீட்டு ஆரஞ்சில் இது நடந்தது. நட்ட இரண்டாம் வருடம் ஒரு தளிர் அடியிலிருந்து சடசடவென்று மேலே வந்தது, மற்ற கிளைகளை விட இரண்டு மடங்கு வேகம். மரம் பிடித்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டு அதற்கு முட்டு வேறு கொடுத்தேன். அடுத்த வருடம்தான் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். மேலே இருந்த கிளைகளில் ஒரு காம்புக்கு ஒரே இலை, இந்தத் தளிரில் ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்றாக இலை, கட்டை விரல் நீளத்துக்கு முள். விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒட்டு கட்டிய வீக்கத்துக்குக் கீழேதான் அது புறப்பட்டிருந்தது. அதற்குள் நல்ல கிளைகள் சோர்ந்து, ஒன்று காய்ந்தே போயிருந்தது.

ஒட்டு வீக்கத்தை எப்போதும் மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது தெரியும்படி வையுங்கள். அதற்குக் கீழே எது துளிர்த்தாலும், மென்மையாக இருக்கும்போதே கையால் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடிமொட்டு மிச்சம் இருந்து மறுபடி வரும், பிய்த்தால் அடியோடு போகும்.

பெர்ரிப் புதர்களில் எதை எங்கே வைக்கலாம்?

முதலில் உங்கள் குளிர் எவ்வளவு என்று பாருங்கள். குளிர் அதிகமான இடங்களில் புளூபெர்ரி, ராஸ்பெர்ரி, கூஸ்பெர்ரி, கரண்ட் (currant) எல்லாம் சுலபம். வெப்பமான இடங்களில் மல்பெரி, பார்படாஸ் செர்ரி, சுரினாம் செர்ரி, களா, ஃபால்சா (phalsa) ஆகியவை அதே வேலையைச் செய்யும். தாவரவியல் கணக்கில் இவற்றில் பல பெர்ரியே இல்லை, அதனால் நமக்கு ஒன்றும் குறைவதில்லை.

பார்படாஸ் செர்ரியை இதுவரை வைக்காதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இளஞ்சிவப்புப் பூ, பளபளக்கும் சின்ன இலை, பூத்து மூன்று நான்கு வாரத்தில் பழம், வருடத்தில் பல முறை. வைட்டமின் சி ஆரஞ்சில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஒரே குறை, பழம் பறித்த பிறகு நிற்காது, அன்றைக்கே சாப்பிட வேண்டும். கடையில் அதிகம் கிடைக்காததற்கும் அதுவே காரணம், வீட்டில் வைக்க வேண்டியதற்கும் அதுவே காரணம்.

மல்பெரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: நடைபாதை, துணி காயப்போடும் இடம், வண்டி நிறுத்தும் இடம் இவற்றுக்கு மேலே கிளை வரும்படி வைக்காதீர்கள். கறை போகாது. புதராக வெட்டி வெட்டி வைத்தால் இந்தப் பிரச்சினை குறையும், வெட்டிய பிறகு வரும் புதுத்தளிரிலேயே காய் பிடிக்கும். ஸ்ட்ராபெர்ரியை நான் புதராகவே நினைப்பதில்லை, பாத்தி ஓரத்துக்கு நல்ல விளிம்புச் செடி அது.

புளூபெர்ரி நட்டேன், இலை மஞ்சளாகிறது. என்ன செய்வது?

மண்ணின் புளிப்புத்தன்மையைப் பாருங்கள். புளூபெர்ரிக்குக் கார அமில அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும், அதாவது நல்ல அமில மண். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். இந்தச் செடி நெடுங்காலம் காட்டில் மட்டுமே இருந்ததற்கும் இதுதான் காரணம். அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளர் இதற்கு அமில மண் வேண்டும் என்று காட்டினார். நியூஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்மணி தன் குடும்பப் பண்ணையில் அவருடன் சேர்ந்து வேலை செய்து, 1916-இல் வளர்ப்புப் புளூபெர்ரியின் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார்.

தரை மண் உவராகவோ சுண்ணாம்பு மிகுந்ததாகவோ இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், தொட்டியில் வையுங்கள், மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் மாதக்கணக்கில் ஊற்றினால் எப்படிப்பட்ட மண்ணும் காரமாகிவிடும். வெப்பமான இடம் என்றால் குறைந்த குளிர் போதும் என்கிற ரகங்களை மட்டும் பாருங்கள்.

வெப்பமான இடத்தில் ஆப்பிள் காய்க்குமா?

ரகத்தைப் பொறுத்தது. ஆப்பிள், பீச், பிளம் மரங்களுக்குத் தூக்கத்திலிருந்து எழ ஒரு அளவு குளிர் வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே எத்தனை மணி நேரம் இருந்தது என்று கணக்கிடுவார்கள். பல பழைய ஆப்பிள் ரகங்களுக்கு 800 முதல் 1,000 மணி நேரம் தேவை. இஸ்ரேலில் உருவான ‘அன்னா’வுக்கு 300 மணி நேரத்துக்குள் போதும், பகாமாசில் கிடைத்த ‘டார்செட் கோல்டன்’ ரகமும் அப்படித்தான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கும். அந்தக் குளிரும் உங்கள் இடத்தில் இல்லை என்றால் ஆப்பிளை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. அதே இடத்தில் ஒரு கொய்யா வைத்தால் இரண்டு வருடத்தில் கூடை கூடையாகக் கொடுக்கும்.

வேலிக்குப் பதிலாகப் பழப்புதர் நடலாமா?

தாராளமாக. களா இருக்கிறதே, அதற்கு மிஞ்சிய உயிர்வேலி இல்லை. ஆடு மாடு நுழையாத முள், வறட்சி தாங்கும் உடம்பு, மல்லிகை போல வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகக் காய். ஒரு மீட்டருக்கு ஒன்று நட்டு, இடுப்பளவு வந்ததும் நுனி வெட்டத் தொடங்கினால் அடியிலிருந்து அடர்ந்து வரும். முள் வேண்டாம் என்றால் பார்படாஸ் செர்ரி. வேலியை மட்டமாகச் சீவிக்கொண்டே இருந்தால் பூ வருகிற நுனியெல்லாம் போய்விடும், கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

ஒன்று மட்டும் நடுமுன் விசாரியுங்கள்: உங்கள் பகுதியில் அந்தச் செடி காட்டுக்குள் பரவிக் கேடு செய்கிற பட்டியலில் இருக்கிறதா? சுரினாம் செர்ரி புளோரிடாவிலும், ஸ்ட்ராபெர்ரி கொய்யா ஹவாயிலும், நமக்கு நன்றாகத் தெரிந்த கொய்யா கலாபகஸ் தீவுகளிலும் இப்படிப் பரவிச் சொந்த மரங்களை நெருக்கிவிட்டன. பறவை விதையைக் கொண்டுபோய்விடும், நாம் வேலிக்குள் வைத்தது வேலிக்குள் நிற்காது.

கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைதான். ஆப்பிளுக்கும் பேரிக்கும் பக்கத்தில் அதே நேரத்தில் பூக்கிற வேறு ரகம் வேண்டும். மஞ்சள் பேஷன் பழக்கொடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, ஊதாப் பழக்கொடி ஏற்கும். பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகைச் செடிகள், ஆண் செடியில் பூ நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும், பெண் செடியில் தண்டை ஒட்டித் தடித்து நிற்கும். கன்றில் அடையாளம் தெரியாது. அதனால் ஒரு குழியில் மூன்று நான்கு வைத்துப் பூத்த பிறகு நல்லதை மட்டும் விடுவார்கள்.

சீத்தாவுக்கு நாமே தேனீ வேலை செய்ய வேண்டியிருக்கும். அதன் பூ முதலில் பெண்ணாக இருக்கும், அப்புறம்தான் ஆணாக மாறும், அதனால் தன்னைத் தானே சேர்ப்பது அரிது. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகும் சின்ன வண்டுகள் இல்லாத தோட்டத்தில் பூவெல்லாம் உதிர்ந்துபோகும். மாலையில் ஒரு மெல்லிய ஓவியத் தூரிகையும் சின்னக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று தடித்த இதழ்களும் நன்றாக விரிந்திருக்கும் பூவைத் தட்டினால் மாவு மாதிரி மகரந்தம் கிண்ணத்தில் விழும். அப்புறம் இதழ்கள் நுனியில் மட்டும் லேசாகப் பிரிந்திருக்கும் பூவைத் தேடுங்கள், அது பெண் நிலை. இரண்டு விரலால் இதழை மெல்ல விலக்கினால் உள்ளே சின்னக் கூம்பு ஈரமாகப் பளபளக்கும். தூரிகையை மகரந்தத்தில் தொட்டு அந்தக் கூம்பைச் சுற்றிலும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் பழம் கோணலாக வரும், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் சூல் பிடிக்க வேண்டும். பெண் பூ அன்றைக்குக் கிடைக்காவிட்டால் கிண்ணத்தை வைத்திருந்து மறுநாள் விடிகாலையில் தடவலாம். ஒரு வாரத்தில் உதிராமல் பச்சையாக நின்றால் பிடித்துவிட்டது. நான் முதல்முறை தடவிய பூக்களில் நூல் கட்டி வைத்திருந்தேன், நூல் கட்டிய காம்புகளில் பிஞ்சு நின்றதைப் பார்த்த அந்தக் காலை இன்னும் நினைவிருக்கிறது.

மகரந்தம் தவிர, தழைச்சத்து உரம் கூடினாலும், நிழல் கூடினாலும், மரம் இன்னும் சின்ன வயதாக இருந்தாலும் காய் பிடிக்காது.

எப்படி நடுவது? குழி எவ்வளவு ஆழம்?

கன்றின் மண்கட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. ஆழமாகத் தோண்டி அடியில் எருவை நிரப்பினால், எரு மக்கி அமுங்கும்போது கன்று கீழே இறங்கித் தண்டு மண்ணுக்குள் புதையும், அங்கே அழுகல் தொடங்கும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தரை மட்டத்தில் தெரிய வேண்டும். வட்டமாகச் சுருண்ட வேர் இருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள் அல்லது வெட்டுங்கள், சுருண்ட வேர் பின்னாளில் மரத்தின் கழுத்தையே நெரிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, எருவை மேலே பரப்புங்கள்.

தண்ணீரும் உரமும்?

முதல் இரண்டு வருடம் தண்ணீர்தான் எல்லாம். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட, சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. வட்டப்பாத்தியை மரம் வளர வளர வெளியே நகர்த்துங்கள், தண்டை ஒட்டி ஊற்றிப் பயனில்லை, உறிஞ்சும் வேர் கிளை விரிவின் ஓரத்தில் இருக்கிறது. காய்ந்த இலை, வைக்கோல், மரச்சீவல் எதையாவது 7 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கையகலம் விட்டுவிடுங்கள். மாதுளை வெடிப்பது பெரும்பாலும் மண் காய்ந்து கிடந்து திடீரென்று நனைவதால்தான், மூடாக்கு அதைக் குறைக்கும். உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

கவாத்து எப்போது செய்வது?

இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு மரமும் காய்க்கும் கிளை வேறு. கொய்யா புதுத்தளிரில் பூக்கும், அதனால் வெட்ட வெட்டக் காய்ப்பு கூடும். மா, முந்தின பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளை நுனியில் பூக்கும், ஆகவே பழம் பறித்ததும் உடனே வெட்ட வேண்டும், தாமதித்து வெட்டினால் அந்த வருடப் பூவை இழப்பீர்கள். கோடையில் ஒருமுறை காய்க்கும் ராஸ்பெர்ரியில், காய்த்து முடித்த தண்டு அத்தோடு முடிந்தது, அதைத் தரையோடு வெட்டிப் புதிதாக வந்த பச்சைத் தண்டை அடுத்த வருடத்துக்கு விட வேண்டும். எலுமிச்சைக்குக் காய்ந்த கிளை, உள்நோக்கிப் போகும் கிளை, நெட்டையாக எழும் நீர்க்கிளை இவற்றை எடுத்தால் போதும்.

மரத்தடியில் என்ன நடலாம்?

இலை உதிரும் மரம் என்றால் ஸ்ட்ராபெர்ரி, புதினா, வல்லாரை போன்ற தரைச்செடிகள் நன்றாக இருக்கும். புல்தரை மட்டும் வேண்டாம். புல் மேல்வேரோடு போட்டி போடும், அதை வெட்டும் இயந்திரம் தண்டில் இடித்துப் பட்டையை உரிக்கும். சுற்றிலும் பட்டை உரிந்தால் மரம் போய்விடும்.

கீழே விழும் பழம், ஈ, எறும்பு எல்லாம் தொல்லையாக இருக்காதா?

விழுந்ததை அன்றன்றே பொறுக்கினால் இருக்காது. கொய்யாவுக்குள் வெள்ளைப் புழு வருவதற்குக் காரணமான பழ ஈயின் அடுத்த தலைமுறை, அழுகிய பழத்திலிருந்து மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. அதனால் புழு வைத்த பழத்தை உரக்குழியில் போடாமல், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் வெயிலில் வையுங்கள். காய் கோலிக்குண்டு அளவைத் தாண்டியதும் துணிப்பையோ காகிதப்பையோ கட்டினால் ஈ முட்டையிட முடியாது, அணிலும் கொஞ்சம் குழம்பும். எறும்பு சாரை சாரையாக மரம் ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம், அவற்றின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். தண்டில் துணி சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவி எறும்பை நிறுத்துங்கள், மற்றதை நன்மை செய்யும் வண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே நசுக்காதீர்கள். மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டும், ஒரு வாடை அடிக்கும். அது பட்டாம்பூச்சிப் புழு. சின்னக் கன்று என்றால் பெரிய எலுமிச்சை மரம் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள், வளர்ந்த மரத்துக்கு நாலு இலை போனால் ஒன்றும் ஆகாது.

பறவைகளிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

வலை போடுவதானால் கண் சின்னதாக இருக்கும் வலையை இழுத்துக் கட்டுங்கள், தளர்வாகத் தொங்கும் பெரிய கண் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். நான் எட்டும் கிளைகளுக்குப் பை கட்டுவேன், எட்டாத கிளைகளை அவற்றுக்கே விட்டுவிடுவேன்.

குழந்தைகளும் நாயும் இருக்கிற வீடு. கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நாய் இருக்கும் வீட்டில் எட்டும் உயரத்தில் கொடி வேண்டாம். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானது, வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்த மரமே வைக்காதீர்கள், பழத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போதும் சொல்லிக் கொடுங்கள். அத்திப்பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளிக்கும், எலுமிச்சைச் சாறும் அப்படித்தான். சீத்தா விதையின் பொடி கண்ணில் பட்டால் கடுமையான புண் உண்டாகும். எல்லாவற்றையும் விட முக்கியம், பெர்ரிப் புதர் இருக்கும் பாத்தியில் அரளி, உண்ணிச்செடி போன்ற நச்சுச் செடிகளைக் கலக்காதீர்கள். பறித்துச் சாப்பிடலாம் என்று ஒரு புதரைக் காட்டிவிட்டால் மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்கத்துப் புதரும் அதே மாதிரிதான்.

எவ்வளவு நாளில் பழம் பார்க்கலாம்?

பப்பாளியும் வாழையும் ஏறக்குறைய ஒரு வருடத்தில். குச்சி நட்ட மல்பெரி ஒன்றிரண்டு வருடத்தில், ஒட்டுக்கொய்யா இரண்டில், எலுமிச்சை மூன்றில். அதனால் ஒரு பப்பாளியையும் ஒரு மல்பெரியையும் முதலில் நட்டுவிட்டு, அவை காய்க்கும் நேரத்தில் மாவும் சீத்தாவும் மெதுவாக வளர விடுங்கள். மாங்கன்றில் முதல் வருடமே பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், அந்தச் சத்து வேருக்குப் போகட்டும். பப்பாளி ஓய்கிற நாலாவது வருடம் அதை எடுத்துவிட்டால், அதன் நிழல் விழுந்த இடத்தில் மாமரத்துக்கு வெயில் கிடைக்கும்.